ஒன்றை அழுத்தியவள்

தேவிக்கு வர வேண்டிய தொலைபேசி அழைப்புகளை நான் எடுத்துக்கொண்டேன். அவள் கர்ப்பமாக இருந்தபோது அவளிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அவள் பெயரில் நானே பதில் சொன்னேன். அவளுக்கு இது தெரியாது. இன்றுவரை தெரியாது.

திருடினேன் என்று முதலில் எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். ஏமாற்றினேன் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். நான் செய்ததற்கு என்ன பெயர் என்று எனக்கே பிடிபடவில்லை... முழுவதையும் படித்துவிட்டு நீங்கள் ஒரு பெயர் வையுங்கள். எது வைத்தாலும் மறுக்க மாட்டேன்.

நான் மயிலாப்பூரில், குளத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில் குடியிருக்கிறேன். நாற்பதை நெருங்கிவிட்டேன். குழந்தை இல்லை. பார்க்க வேண்டிய மருத்துவர்களை எல்லாம் பார்த்தாயிற்று. சுற்ற வேண்டிய கோயில்களைச் சுற்றியாயிற்று. ஒரு கட்டத்தில் நானும் என் கணவரும் சொல்லிவைத்தாற்போல அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். யார் முதலில் விட்டது என்றுகூட நினைவில்லை.

மந்தைவெளியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. ஏழைக் கர்ப்பிணிகளுக்குக் கைப்பேசி வழியாகச் சத்துணவு பற்றிச் சொல்லிக்கொடுப்போம். எல்லாம் பதிவு செய்யப்பட்ட குரல். செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அழைப்பு வரும். ஒரு பெண் கனிவாகப் பேசுவார். என்ன சாப்பிட வேண்டும், மாத்திரையை எப்படிப் போட வேண்டும், இந்த வாரம் வயிற்றில் குழந்தை எப்படி வளர்ந்திருக்கும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, முடிவில் சில கேள்விகள் கேட்பார். ஆம் என்றால் ஒன்றை அழுத்த வேண்டும். இல்லை என்றால் இரண்டு.

இரண்டை அழுத்தினால் மறுநாளே எங்கள் நர்ஸ் விமலா அந்த வீட்டு வாசலில் போய் நிற்பார். ஏன் சாப்பிடவில்லை, என்ன கஷ்டம் என்று கேட்டு வழி செய்வார். ஒன்றை அழுத்தினால் யாரும் போக மாட்டார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்!

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் குற்றம் முழுவதும் இந்த ஒன்றில்தான் இருக்கிறது.

தேவியைக் கோட்டூர்புரம் ஆற்றோரக் குடியிருப்பில் வைத்துப் பதிவு செய்தேன். சின்னப் பெண். முதல் பிரசவம். பக்கத்து அடுக்குமாடிகளில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தாள். அவளுக்குத் தனியாகப் போன் கிடையாது. இருந்தது ஒரே போன். அதைப் பெயிண்டர் வேலைக்குப் போகும் அவள் கணவர் குமார் வேளச்சேரிக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். இப்படிப்பட்ட பெண்களுக்கு அக்கம்பக்கத்தில் ஒருவருடைய எண்ணைப் பதிந்துகொள்வது எங்கள் வழக்கம். அவர் செவ்வாய்தோறும் போனைக் கொண்டுபோய் அந்தப் பெண்ணின் காதில் வைக்க வேண்டும். தேவிக்கு அப்படி யாரும் அகப்படவில்லை. என்னிடம் இன்னொரு போன் சும்மா கிடந்தது. அதன் எண்ணைக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு அலுவலகம் இல்லை, நானே வருகிறேன் என்றேன்.

போனேன். பொய் இல்லை, ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் போனேன். வேலைக்கு நடுவில் அவள் மூச்சு வாங்க ஓடி வருவாள். வாசல்படியில் உட்காருவோம். ஸ்பீக்கரில் போடுவேன். வணக்கம் அம்மா, நலமாக இருக்கிறீர்களா என்று அந்தக் குரல் தொடங்கியதும் தேவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

“யாருக்கா இந்தம்மா. நம்மள போயி இவ்ளோ மரியாதையா கூப்புடுது.”

அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு அது... எப்படிச் சொல்வது? கீரைக்காரர்கூட என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். ஆட்டோக்காரரும் அப்படித்தான். அது ஊர் வழக்கம். காதில் விழுந்துவிட்டுப் போய்விடும். இந்தக் குரல் கூப்பிட்டது அப்படி இல்லை. வயிற்றில் ஒரு பிள்ளை இருப்பதைத் தெரிந்துகொண்டு கூப்பிட்ட குரல் இது. தேவியைத்தான் கூப்பிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஆற்றோரத்துக்குப் போகும் சந்து முழுக்கச் சேறு. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போகவில்லை. வீட்டில் அரிவாள்மணையில் வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன்.

வணக்கம் அம்மா. உங்கள் குழந்தைக்கு இப்போது காது கேட்கத் தொடங்கியிருக்கும். அதனிடம் பேசுங்கள்.

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் வேறு யாரும் இல்லை.

இந்த வாரம் கீரை சாப்பிட்டீர்களா என்று கேட்டது. முந்தைய நாள் எங்கள் வீட்டில் முளைக்கீரை மசியல். சாப்பிட்டேனே! ஒன்றை அழுத்தினேன்.

நன்றாகக் கவனியுங்கள், அந்த நொடியில் நான் தேவியின் பெயரில் பொய் சொல்கிறேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. என்னைக் கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன். அவ்வளவுதான். இப்படி நினைக்கிறவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். அலுவலகத்தில் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்: கணக்கில் கெட்டி, பேச்சில் தெளிவு, எதையும் மறக்க மாட்டாள் என்பார்கள். பிறகு எப்படி? எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் மழை விட்டிருந்தது. போயிருக்கலாம். போகவில்லை. அதற்கடுத்த வாரம் கடைத்தெருவில் தேவியைப் பார்த்தபோது, அவள் கேட்காமலே என் வாயிலிருந்து வந்தது: எண்ணை உன் வீட்டுக்காரர் போனுக்கு மாற்றிவிட்டேன், இனி அவருக்கே வரும், அவரிடம் கேட்டுக்கொள். மாற்றத்தான் நினைத்திருந்தேன். மாற்றுகிற வேலையும் என்னுடையதுதான். ஒரு நிமிடம் ஆகாது. நினைத்ததைச் செய்தது போலச் சொல்லிவிட்டேன். சரிக்கா என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகள் எனக்கே எனக்கு என்று ஆயின.

குரல் சொன்னதை எல்லாம் செய்தேன். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சம்பழம், வேர்க்கடலை. வாரம் தவறாமல் ஒன்றை அழுத்த வேண்டுமே! சும்மா அழுத்தினால் பொய்யாகிவிடும். எனக்குப் பொய் பிடிக்காது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே பிடிக்காது.

ஒரு வாரம் முட்டை சாப்பிட்டீர்களா என்று கேட்டது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. இரண்டை அழுத்த விரல் வரவில்லை. ஒன்றை அழுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நேரே மந்தைவெளி பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த தள்ளுவண்டிக்குப் போனேன். அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மிளகுத்தூள் போட்டுக் கொடுத்தார். புடவைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு, யாராவது தெரிந்தவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி விழுங்கினேன். சொன்ன பொய்யை ஒரு மணி நேரத்துக்குள் உண்மையாக்கிவிட்ட திருப்தி! என்ன பைத்தியக்காரத்தனம்...

என் மாமியார் சூதுவாது தெரியாதவர். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ஏன்டீம்மா, நித்தம் முருங்கைக்கீரையா. ஆத்துல யாராவது உண்டாயிருக்காளா என்ன?”

கிண்டலாகத்தான் கேட்டார். கேட்ட பிறகு அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்க வேண்டும். மோர் ஊற்றிக்கொள் என்று பேச்சை மாற்றினார். எனக்குக் கோபமே வரவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருந்தது.

இரும்புச்சத்து மாத்திரையையும் வாங்கினேன். அந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எனக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் குளியலறையில் குனிந்து வாந்தி எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன். அந்த வாந்தியில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. கண்ணாடியில் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குரல் அதைத்தான் பேசியது. மாத்திரை போட்டால் குமட்டுகிறதா அம்மா? பயப்படாதீர்கள். நிறுத்திவிடாதீர்கள். இரவு சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள். டீ, காபியோடு மட்டும் சேர்க்காதீர்கள். நான் அப்படியே செய்தேன். குமட்டல் நின்றுவிட்டது.

தேவிக்கும் குமட்டியிருக்கிறது! அவளும் அந்த நாட்களில்தான் வாந்தி எடுத்திருக்கிறாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டாள். பசிக்கு டீயும் பன்னும் சாப்பிட்டுக்கொண்டு வீடு வீடாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவை எல்லாம் பிற்பாடு எனக்குத் தெரிந்தவை.

வலி முன்னதாகவே வந்துவிட்டது. ரத்தம் மிகவும் குறைவு என்று சொல்லி ரத்தம் ஏற்றினார்கள். குழந்தை கைக்குள் அடங்கிவிடும் அளவில் பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். சில நாட்கள் அது பிழைக்குமா என்றே யாராலும் சொல்ல முடியவில்லை.

நர்ஸ் விமலாவோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். விமலா கோபக்காரர், கர்ப்பிணிகள்மேல் அவருக்கு இருக்கும் பாசமே அப்படித்தான் வெளியே வரும். தேவியின் பெயருக்கு நேரே வந்த பதில்களைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். யாருடைய எண் என்பது அவர் பார்வைக்கு வராது. பதில்கள் மட்டும்தான் வரும்.

“வாரா வாரம் ஒன்னு ஒன்னுன்னு அழுத்தியிருக்கியே தேவி. கீரை தின்னேன், முட்டை தின்னேன், மாத்திரை போட்டேன்னு. ஒரு தடவை ரெண்டை அழுத்தியிருந்தா நான் ஓடி வந்திருப்பேன்ல. யாரை ஏமாத்துன, எங்களையா, அந்தப் பிள்ளையையா?”

தேவி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். மழைக்கு அப்புறம் நான் எதையும் அழுத்தவில்லையே என்று முனகினாள். பிறகு என்னைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. அக்காவுக்கு எல்லாம் தெரியும், அக்கா எடுத்துச் சொல்லும் என்று பார்த்தாள்.

நான் சொன்னேன். என்ன சொன்னேன் தெரியுமா?

“போன் உன் வீட்டுக்காரர்கிட்டதானே இருந்துச்சு. அவர் எதையாவது அழுத்தியிருப்பார்.”

இதைச் சொல்ல நான் யோசிக்கவே இல்லை. விமலா உச்சுக்கொட்டிக்கொண்டு குமாரைத் தேடி வராந்தாவுக்குப் போனார். தேவி கண்ணை மூடிக்கொண்டாள். என் கைப்பையில் அந்த இன்னொரு போன் இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். எடுத்து வைத்து இதோ இதுதான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? சொல்லவில்லை.

குழந்தை பிழைத்தது. பெண் குழந்தை. வீட்டுக்கு வந்தது. இதோடு என் பாரம் பாதி குறைந்திருக்க வேண்டும் இல்லையா? சில குழந்தைகள் எப்படிச் சாப்பிட்டாலும் சிறுத்துத்தான் பிறக்கும் என்று விமலாவே ஒருநாள் சொன்னார். அப்படியானால் நான் செய்தது ஒன்றும் இல்லையா? அந்தக் குரலைக் கேட்டிருந்தாலும் தேவிக்கு முட்டைக்கும் பேரீச்சம்பழத்துக்கும் வழி இருந்திருக்குமா? இப்படிப் பேசிப் பேசி நான் என்னை விடுவித்துக்கொள்ளப் பார்க்கிறேன். உடனே அந்த வாந்தி நினைவுக்கு வருகிறது. இரவில் போட்டுக்கொள்ளச் சொன்ன ஒரு வார்த்தைக்கு வழியும் வேண்டாம், வசதியும் வேண்டாமே... அது என் காதில் விழுந்து என் குமட்டல் நின்றதே!

நான் இன்னும் முக்கியமானதைச் சொல்லவில்லை.

ஒருநாள் மதியம் குமார் அலுவலகத்துக்கு வந்தார். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். முழங்கை வரை வெள்ளைப் புள்ளிகள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“மேடம், அது நான்தான். சாரத்து மேல நின்னுக்கினு இருப்பேன், போன் வரும். லோன் வேணுமா, பாட்டு வேணுமான்னு இன்னா இன்னாவோ ரெக்கார்டு பேசும். ஒன்னை அமுக்கு, ரெண்டை அமுக்குன்னும். எதுனா அமுக்கிட்டு கட் பண்ணிடுவேன். அதுல இதுவும் வந்துகீது போல. எனுக்கு தெரில மேடம்.”

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

“தேவி கைல சொல்லிட்டேன். அது ஒன்னியும் சொல்லல. குழந்த இத்துனூண்டா கீதுன்னா என்னாலதான் மேடம். நீங்களாவது எதுனா திட்டுங்க.”

என் தப்பைச் செய்ததாக நம்பிக்கொண்டு ஒரு மனிதர் என் முன்னால் நின்று தண்டனை கேட்கிறார். நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வாய் திறந்தேன்.

“விடுங்க குமார். தெரியாமத்தானே செஞ்சீங்க.”

மன்னித்தேன்! நான், அவரை! அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் படியிறங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து பின்னால் ஓட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன்.

அந்தத் தவறுக்கு அவர் தனக்கே ஒரு தண்டனை கொடுத்துக்கொண்டார். போனைத் தேவியிடமே கொடுத்துவிட்டார். குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை அழைப்பு வரும் என்று விமலா சொல்லியிருந்தாராம். இனி ஒன்றுகூடத் தவறக் கூடாதாம். அவர் வெறுங்கையோடு வேலைக்குப் போகிறார். மேஸ்திரியால் கூப்பிட முடிவதில்லை. சில நாள் வேலை வேறு ஆளுக்குப் போய்விடுகிறது. காலையில் அவரே முருங்கைக்கீரையை ஆய்ந்து சமைத்துவிட்டுப் போகிறாராம். தேவி இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுப்புப் பக்கம் வந்ததே இல்லையாம்.

இப்போது சொல்லுங்கள். என் பொய்யால் அந்த வீட்டில் ஒரு நல்லது நடந்திருக்கிறதா? உண்மையைச் சொன்னால் அந்த நல்லது கெடுமா? இல்லை, ஒரு நல்ல மனிதர் செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு தினமும் கீரை ஆய்கிறார் என்பதை நல்லது என்று சொல்ல எனக்கு எப்படி வாய் வருகிறது? ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் அப்படித் தோன்றுகிறது. நிம்மதியாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

போன வாரம் கோட்டூர்புரம் பாலத்தருகே தேவி என்னைப் பார்த்துவிட்டாள். இடுப்பில் குழந்தை. வயதுக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை. கழுத்து மெல்லியதாக இருந்தது.

“அந்தம்மா போனு இன்னும் வரலியேக்கா. செவ்வாக்கெழம ஆனா வேலைய வுட்டுட்டு போன கைலயே வெச்சிக்கினு குந்தினுகீறேன்.”

வரும் என்றேன்.

எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும் என்று சொன்னேன் அல்லவா? இன்னும் மாற்றவில்லை. ஏன் என்று கேட்கிறீர்கள். மாற்றினால் அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தப் போன் அடிக்கும். வேலை இல்லாத நாளாக இருந்தால் குமாரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். வணக்கம் அம்மா, நலமாக இருக்கிறீர்களா... ஒருமுறை கேட்டால் போதும். இந்தக் குரலைத் தன் வாழ்நாளில் கேட்டதே இல்லை என்று அவருக்குத் தெரிந்துவிடும். தான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று தெரிந்துவிடும். பிறகு, அப்படியானால் யார் என்று கேட்பார்.

பயம்தான் காரணமா? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குரல் என் வீட்டுக்கு இனி வராது என்ற நினைப்பும் உள்ளே எங்கோ கிடக்கிறது. இரண்டில் எது பெரியது? எனக்குத் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை!

குழந்தை பிறந்த பிறகு நான் அந்த அழைப்பை எடுப்பதே இல்லை. எடுக்காத அழைப்புக்காக யாரும் வீடு தேடிப் போக மாட்டார்கள். தாய்ப்பால் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, அது அடித்து ஓயும்வரை வேறு அறையில் இருப்பேன். பாலத்தருகே தேவியைப் பார்த்தேனே, அதற்கடுத்த செவ்வாய்க்கிழமைதான் எடுத்தேன். நேற்று.

வணக்கம் அம்மா. உங்கள் செல்லக் குழந்தை எப்படி இருக்கிறது?

அதே குரல். அதே கனிவு. குழந்தைக்கு இனி பால் மட்டும் போதாது என்றது. சோற்றைப் பருப்போடு குழைய மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுங்கள் என்றது. பிறகு கேட்டது: இந்த வாரம் உங்கள் குழந்தைக்குப் பருப்புச் சோறு ஊட்டினீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் இரண்டை அழுத்தவும்.

கீரையை நானே சாப்பிட்டுவிட்டேன். முட்டையைச் சாப்பிட்டேன். மாத்திரையை விழுங்கினேன். இதை எப்படி உண்மையாக்குவது? அடுப்பில் பருப்பு வெந்துகொண்டுதான் இருந்தது. மசித்து நெய்விட எனக்குத் தெரியாதா? யாருக்கு ஊட்டுவது?

தேவி ஊட்டினாளா என்று எனக்குத் தெரியாது. பாலத்தருகே குழந்தையைப் பார்த்தும் அதை மட்டும் நான் கேட்கவில்லை. இரண்டை அழுத்தினால் விமலா அந்த வீட்டுக்குப் போவார். குழந்தையின் கழுத்தைப் பார்ப்பார். ஏதாவது வழி செய்வார். அதோடு, அழைப்பே வரவில்லையே என்று தேவி சொல்வாள். கட்டைவிரலை இரண்டின்மேல் வைத்தேன். வைத்துக்கொண்டே இருந்தேன்.

மணி பதினொன்று. கோட்டூர்புரத்தில் அவள் கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு, அது அடிக்கும் என்று உட்கார்ந்திருப்பாள்.

உங்கள் பதில் கிடைக்கவில்லை அம்மா என்றது குரல். மீண்டும் ஒருமுறை கேட்கிறேன் என்றது. கேட்டது.